அக்கா சொன்னால் போதும்

கம்பெனி விழாவில் நடந்த கூத்துக்கு யார் காரணம் என்று கேட்டால் இசைக்குழுவில் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஒலி மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்த, எல்லோரும் 'சவுண்டு' என்று கூப்பிடுகிற சவுண்டுக்காரர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். திறந்த மைக்கை மூட மறந்தவர் அவர்தான்.

டிரம்ஸ் வாசிப்பவனுக்கு இரண்டு கைக்கும் வேலை, இரண்டு காலுக்கும் வேலை. மற்றவர்களுக்குக் குறிப்புக் கொடுக்க மிச்சம் இருப்பது வாய் ஒன்றுதான். அதனால் அவன் மூக்குக்கு நேராக ஒரு மைக் வைத்திருப்பார்கள். அதில் அவன் பேசுவது சபைக்குக் கேட்காது, வாசிப்பவர்களின் காதுக்குள் மட்டும் கேட்கும். பேச நேரமில்லாத இடம் என்பதால் எல்லாமே ஒற்றை வார்த்தைகள். எல்லோரும் சட்டென்று நிறுத்த வேண்டிய இடத்துக்கு 'ஊமை'. பாடுகிறவர் சுருதியை விட்டு நகர்ந்தால் 'செவிடு'. நாலும் மூன்றுமாக ஏழு தட்டில் போகிற நடைக்கு 'நொண்டி'. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று எந்தப் புண்ணியவானோ எப்போதோ சொன்னது, இவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டது.

அன்று ஒரு பாட்டில் டிரம்ஸ்காரனும் சேர்ந்து கூவ வேண்டியிருந்தது. அதற்காக சவுண்டு அந்த மைக்கைச் சபைக்குத் திறந்துவிட்டார். பாட்டு முடிந்தது, கைதட்டல் வந்தது, டீ வந்தது. மைக் திறந்தபடியே இருந்தது.

அடுத்து கம்பெனி ஊழியர்களுக்கு விருது. பெயர் படித்ததும் ஆள் கீழேயிருந்து நடந்து வருவார், குழு பின்னணி வாசிக்கும். அவர் மேடைப் படியில் கால் வைக்கிற நொடியில் எல்லோரும் ஏழு தட்டுக்கு மாறுவார்கள். ராஜா வருகிற மாதிரி இருக்கும். ஒவ்வொருவர் நடை ஒவ்வொரு வேகம் என்பதால், எப்போது மாறுவது என்று டிரம்ஸ்காரன் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதல் இரண்டு பேர் ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார்கள். ஏதோ ஒரு குரல் ஸ்பீக்கரில் கத்தியது யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாவதாக வந்தவர் ஸ்டோர் கீப்பர். கக்கத்தில் ஊன்றுகோல். மெதுவாகத்தான் வந்தார். டிரம்ஸ்காரன் பொறுமையாக அளந்து அளந்து சொன்னான், மண்டபம் முழுக்க நிதானமாகக் கேட்டது.

"நொண்டி ரெடி... இரு, இரு, அவசரப்படாத... நொண்டி... இப்பப் போடு!"

கடைசி வரிசையில் யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் குனிந்து தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். ஸ்டோர் கீப்பர் படியில் ஒரு கணம் நின்றார். பிறகு ஏறி, கேடயத்தை வாங்கி, கைகுலுக்கிவிட்டு இறங்கினார். குழு ஏழு தட்டைப் பிசகில்லாமல் வாசித்து முடித்தது. அதில் மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கீபோர்டில் இருந்த அக்காவும் பிசகவில்லை. சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இடது கால் சூம்பிப்போனது. முழங்காலுக்கு மேல்வரை இரும்புத் தாங்கி கட்டித்தான் நடப்பாள். டிரம்ஸ் வாசித்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி.

மறுநாள் காலை ஒத்திகை அறையில் யாரும் கருவியை உறையிலிருந்து எடுக்கவில்லை. டயர் கடைக்கு மேலே இருக்கிற அறை அது. கீழே ரப்பர் நாற்றம், மேலே ஆறு பேரின் முகவாட்டம். பாடுகிறவரும் குழுவுக்குத் தலைவருமான லீடர் ஃபோனை மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"கம்பெனி மேனேஜர் கொதிச்சுப் போயிருக்காரு. நேர்ல போய் அந்த மனுஷன்கிட்ட மன்னிப்பு கேக்கணுமாம். அவர் சரின்னு சொன்னா சரி. இல்லன்னா டிரம்ஸ்காரன் இருக்கற வரைக்கும் இந்தக் குழுவ எந்த மண்டபத்துலயும் ஏற விடமாட்டேங்கறாரு. அந்தாளு செய்வாரு. எல்லா மண்டபக்காரனும் அவருக்குத் தோஸ்து."

தம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். முந்தைய நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவில்லை. அவனுக்கு இந்தத் தொழிலைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவன் முயன்றதில்லை.

"நான் அவரச் சொல்லலியே," என்றான் நூறாவது தடவையாக. "தாளத்தச் சொன்னேன்."

"அதான நானும் கேக்கறேன்," என்று கிதார்காரன் எகிறினான். விரல் மாதிரியே நாக்கும் நிற்காது அவனுக்கு. "இனிமே வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி வக்கீலக் கேட்டுட்டுத் தொறக்கணுமா? ஆடுற நாற்காலிய நொண்டி நாற்காலிங்கறாங்க. தச்சர யாராவது மன்னிப்பு கேக்கச் சொன்னாங்களா?"

"மைக் மட்டும் மூடியிருந்தா இந்தப் பிரச்சனையே இல்ல," என்றார் சவுண்டு, யாரோ மூன்றாம் மனிதரைக் குறை சொல்வதுபோல.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒயர் சுற்றப் போய்விட்டார்.

லீடர்தான் அந்த யோசனையைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம அக்காவையே கூட்டிட்டுப் போனா என்ன? அக்காவும் இப்படி இருக்கறவங்கதான். இத்தன வருஷமா நம்மகூட வாசிக்கறாங்க. ஒரு நாள் முகம் சுளிச்சிருப்பாங்களா? 'இது தொழில் பேச்சு, எனக்கே ஒண்ணும் தோணல'ன்னு அக்கா ஒரு வார்த்த சொல்லட்டும். அதுக்கு மேல அவர் என்ன பேச முடியும்? அக்கா சொன்னாப் போதும்."

அறைக்கு உயிர் வந்தது. கிதார்காரன் தொடையைத் தட்டினான். யாரோ டீக்குச் சொன்னார்கள். அக்கா இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அவளுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. பெட்டி தூக்கும்போதும் படி ஏறும்போதும் இவர்கள் கண்ணில் படாத கால், இன்றைக்குத் திடீரென்று குழுவைக் காப்பாற்ற வந்துவிட்டது. முகம் சுளித்ததில்லை என்பது உண்மைதான். அவள் சேர்ந்த புதிதில், முதல் ஒத்திகையில் தம்பி அந்த வார்த்தையைச் சொன்னதும் அறை விறைத்துப்போனது. எல்லோர் பார்வையும் அவள் காலுக்குப் போய், அவசரமாகக் கூரைக்குப் போனது. அவள் சிரித்துவிட்டாள். "எனக்கென்னங்க, வாசிங்க" என்றாள். எல்லோரும் மூச்சு விட்டார்கள். அன்றைக்குச் சிரிக்காமல் இருந்தால் தன் எதிரில் எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள், தான் இல்லாதபோது வேறு மாதிரி பேசுவார்கள். கண்ணாடிப் பாத்திரம்போலத் தன்னைக் கையாளுவார்கள். அது அவளுக்கு வேண்டாம். வாசிக்கத்தான் வந்தாள். அதனால் சிரித்தாள். ஒரு தடவை சிரித்துவிட்டால் அப்புறம் ஒவ்வொரு தடவையும் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

தம்பி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, எனக்கு அவர் மூஞ்சியப் பாக்கவே தெம்பு இல்ல. நீ வா. நீ மட்டும் சொல்லு. என் பொழப்பே உன் வாயிலதான்கா இருக்கு."

அவனுக்காக அவள் எதையும் செய்வாள். இந்தப் பொய் என்ன பெரிய பொய். அவள் எழுந்து தாங்கியின் பூட்டைத் தட்டி நிமிர்த்திக்கொண்டாள்.

ஸ்டோர் கீப்பரின் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இருந்தது, அதன் கதவில் 'பழுது' என்று எழுதிய அட்டையும் இருந்தது. அட்டை பழுப்பேறியிருந்ததைப் பார்த்தால் லிஃப்டைவிட அதற்குத்தான் வயது அதிகம் போலிருந்தது. மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். இந்தப் படிகளை அந்த மனிதர் தினமும் ஏறி இறங்குகிறார் என்று நினைத்தபோது தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் கொஞ்சம் தடுமாறியது.

அவரே கதவைத் திறந்தார். அவளுடைய நடையைப் பார்த்தார், தாங்கியின் சத்தத்தைக் கேட்டார், உட்காரச் சொன்னார். கை வைத்து எழுந்திருக்க வசதியான நாற்காலியைத் தேர்ந்தெடுத்து அவளிடம் நகர்த்தினார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் சமையலறை வாசலிலேயே நின்றாள். கேடயம் எங்கேயும் தென்படவில்லை.

தம்பி தரையைப் பார்த்தபடி மன்னிப்புக் கேட்டான். ஏழு தட்டு, மைக், சபை என்று எல்லாவற்றையும் போட்டுக் குழப்பினான். பாதியில் ஸ்டோர் கீப்பர் கையை உயர்த்தினார்.

"அட, விடுங்க தம்பி. இதுக்குப் போய் இவ்வளவு தூரம் வந்துக்கிட்டு! எனக்கு ஒண்ணும் இல்ல. எனக்கெல்லாம் பழகிப்போச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"பொண்ணு ஃபோன்ல வீடியோ எடுத்தா," என்றாள் மனைவி வாசலிலிருந்து. "சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பறதுக்கு. அனுப்பல."

"நீ சும்மா இரு," என்று அதற்கும் சிரித்தார் அவர்.

வேலை சுலபமாக முடிந்துவிட்டது. தம்பியின் தோள் இறங்கியது. அக்காவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்: சொல்லிவிடு, கிளம்பலாம்.

அக்கா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு விரிந்த அளவு, அதோடு வந்த தலையாட்டல், சிரித்து முடித்ததும் எதிரே இருப்பவர்களுக்கு நிம்மதி வந்துவிட்டதா என்று பார்த்த பார்வை. எல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஒத்திகை அறையில் அவள் சிரிப்பது இதே சிரிப்புதான். வெளியிலிருந்து பார்த்தால் இவ்வளவு மோசமாகவா இருக்கும்? இதை நம்பியா இத்தனை பேர் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்தார்கள்?

"நானும் அந்தக் குழுவுலதான் வாசிக்கறேன்," என்றாள். "இவன் என் தம்பி. இதெல்லாம் தொழில் பேச்சு, எனக்கு ஒண்ணும் தோணறதில்லன்னு உங்ககிட்டச் சொல்லத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தாங்க."

"ஆமாங்க," என்றான் தம்பி ஆவலாக.

"ஆனா எனக்குத் தோணும். ஒவ்வொரு தடவையும் சுருக்குனு இருக்கும். நான் சிரிக்கறதப் பாத்துத்தான் இவங்க சொல்றாங்க. நான் சிரிச்சது பொய். உங்களுக்கும் பழகியிருக்காது."

ஸ்டோர் கீப்பரின் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. போனதும் அவர் முகம் நன்றாக இருந்தது. களைத்த, கோபக்கார முகம்.

"பழகல," என்றார். "அந்தப் படியிலயே திரும்பிப் போயிடலாம்னு பாத்தேன். திரும்பறதுக்கும் எனக்கு நேரமாகுமே. அதான் ஏறிட்டேன்." தண்ணீர் டம்ளரை எடுத்து அவரே குடித்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். "மேனேஜர்கிட்ட நான் பேசிக்கறேன். உங்க வேலைக்கு ஒண்ணும் வராது, போங்க. எனக்காக நீங்க எதையும் மாத்த வேண்டாம், நான் உங்க கச்சேரிக்கு இன்னொரு தடவ வரப்போறதில்ல. உங்க அக்கா தினமும் வராங்க."

தம்பி எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமல் தலையாட்டினான். கதவு சாத்தப்பட்டது.

இறங்கும்போது அவன் முன்னால் போனான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏறும்போது அவளுக்குப் பின்னால் ஒரு படி, இறங்கும்போது முன்னால் ஒரு படி. கால் இடறினால் அவள் அவன் முதுகில்தான் விழுவாள், தரையில் விழ மாட்டாள். இதை அவன் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்கும், அவ்வளவு கோபத்திலும், அவள் தாங்கியை அடுத்த படியில் ஊன்றும் சத்தம் கேட்ட பிறகுதான் தன் காலை எடுத்து வைத்தான்.

ஒரு மாடி இறங்கினார்கள். திருப்பத்தில் நின்றுவிட்டான்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல. யார் யாரோ முன்னாடி வெச்சு... நான் அப்படிப்பட்டவனாக்கா? நம்ம தெருவுல உன்னை அப்படிக் கூப்பிட்டான்னு ஒருத்தன் பல்லையே உடைச்சேனே. ஸ்கூல விட்டே தூக்க இருந்தாங்களே என்னை. மறந்துட்டியா?"

"மறக்கல," என்றாள் அக்கா. "பாவம்டா அவன். ஒரே ஒரு தடவதான் சொன்னான்."

தம்பி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய முதுகு குலுங்குவது மேலேயிருந்து அவளுக்குத் தெரிந்தது.

படி குறுகல். அவன் எழுந்தால்தான் அவள் இறங்க முடியும். அக்கா சுவரில் சாய்ந்து, நல்ல காலுக்குப் பாரத்தை மாற்றிக்கொண்டு காத்திருந்தாள்.