உரிமத்துக்கு ஒரு அறை

பொதுமக்களின் உயிர், உடைமை, கண்பார்வை ஆகியவற்றின் நலன் கருதி இதனால் அறிவிக்கப்படுவது: இனி இம்மாநிலத்தில் சோபாவை எந்தச் சுவரோரம் போடுவது, திரைச்சீலைக்கு என்ன நிறம் என்பவற்றை உரிமம் பெற்ற உள்ளலங்கார வடிவமைப்பாளர் மட்டுமே தீர்மானிக்கலாம். உரிமமின்றிப் பிறர் வீட்டுச் சுவரைப் பார்த்து யோசிப்பவர்கள் மீது சட்டம் தன் கடமையைச் செய்யும்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு விடுதி அரங்கில், குத்துவிளக்கு ஏற்றிய கையோடு இதை வாசித்தவர் உள்ளலங்கார வாரியத் தலைவர் தேவசகாயம். கடைசி வரிசையில் சங்கரி உட்கார்ந்திருந்தாள். மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரில் தலைவரின் முகம் ஏசி காற்றில் உப்புவதும் ஒட்டுவதுமாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். தட்டாமல் இருக்க அவளுக்கு வசதியில்லை.

திருப்போரூரில் சங்கரிக்குச் சின்னதாக ஒரு உள்ளலங்காரக் கடை. செங்கல்பட்டில் படித்த டிப்ளமாதான் அவள் படிப்பு. சென்னையின் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் அடுக்ககம் கட்டுகிறவர்கள்தான் வேலை தந்துகொண்டிருந்தார்கள். இப்போது உரிமம் இல்லாதவர்களை உள்ளேயே விடக்கூடாது என்று அவர்களுக்கு உத்தரவு. உரிமம் கிடைக்காவிட்டால் கடையைப் பூட்டவேண்டியதுதான்.

பட்டம் இல்லாதவர்களுக்கு வாரியம் பெரிய மனது வைத்து ஒரு வழி விட்டிருந்தது. முடித்த வேலை ஒன்றைக் குறிப்பிட வேண்டும். குழு நேரில் வந்து பார்க்கும். ஒரே ஒரு வாய்ப்பு.

தங்க நிற விளக்குப் பட்டைகள் ஓடும் மாதிரி வீடுகள் எத்தனையோ அவள் கணக்கில் இருந்தன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றத்தில் பன்னீர்செல்வம் வீட்டுப் பின்னறையை எழுதிக் கொடுத்தாள். அவர் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி லோகநாயகிக்குப் பக்கவாதம். கட்டிலிலிருந்து குளியலறை வரை சுவரோடு கைப்பிடிக் கம்பி, படுத்தபடி எட்டும் சுவிட்சு, அகலப்படுத்திய கதவு, தெருவில் யார் போகிறார்கள் என்று கட்டிலிலிருந்தே தெரியும்படி சாய்த்து வைத்த கண்ணாடி. சங்கரி செய்தவற்றில் வீட்டுக்காரர்கள் படமெடுத்துப் போடாத வேலை அது ஒன்றுதான்.

ஆய்வுக்குத் தேதி வந்தது. ஆய்வுக்கு முந்தின வாரம் லோகநாயகி இறந்துபோனாள்.

சங்கரி இழவுக்குப் போய்விட்டு வந்து, தயங்கித் தயங்கி வாரியத்துக்கு போன் செய்தாள். இறப்பு விண்ணப்பதாரருக்கே நேர்ந்தால் மட்டும்தான் தேதியை மாற்றுவார்கள் என்று தெரிந்தது. பன்னீர்செல்வத்திடம் எப்படிக் கேட்பது என்று அவள் மென்று விழுங்கியபோது அவரே சொன்னார்.

"வரட்டும்மா. காரியம் ஆவலயேன்னு பாக்காத. அவ இருந்தா வேணாம்னா சொல்லியிருப்பா?"

ஆய்வன்று குழுவின் கார் சங்கரியின் ஸ்கூட்டிக்குப் பின்னால் வந்து நின்றது. லினன் ஜிப்பாவில் தேவசகாயம் இறங்கினார். கூடவே டேப்லட்டை மார்போடு அணைத்தபடி வாரியச் செயலாளர் ஷபானா. பன்னீர்செல்வம் மழிக்காத முகத்தோடு கும்பிட்டு உள்ளே கூட்டிப்போனார். சங்கரி முந்திப்போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

கட்டில் இல்லை, கம்பி இல்லை, கண்ணாடி இல்லை. நாலு சுவரிலும் புது வெள்ளை. கட்டில் இருந்த இடத்தில் மட்டும் ஒரு காமாட்சி விளக்கு சின்னதாக எரிந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர்.

"ஐயா, கம்பியெல்லாம் எங்க?"

"கட்டில அன்னிக்கே குடுத்தாச்சு. வெச்சிக்கக் கூடாதுல்ல. காரியத்துக்கு முன்ன வெள்ள அடிக்கணும்னு மருமவன் ரமேஷ் ஆள இட்டுகினு வந்தான். அதயெல்லாம் பாத்துகினே இருந்தா மாமா சோறு துன்ன மாட்டாருன்னு அவனே கழட்டிப் போட்டான்." கொஞ்சம் நிறுத்தி, "நீ காட்டணும்னு சொன்னது அப்ப ஞாபகத்துல இல்லமா" என்றார்.

வாசலில் தேவசகாயத்தின் ஷூ சத்தம் கேட்டது.

"சார், செருப்பு" என்றாள் சங்கரி.

"ஓ, ஷூஸ் ஆஃப்" என்று அவர் மரியாதையாகக் கழற்றினார். ஷபானா விளக்கைப் பார்த்ததுமே செருப்பை விட்டிருந்தாள். அவள் உள்ளே வரவில்லை. நிலைக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள்.

தேவசகாயம் அறையின் நடுவில் போய் நின்றார். சுவர்களைப் பார்த்தார். கண்ணை மூடினார், திறந்தார். பன்னீர்செல்வமும் கூடவே நின்று, அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்த்தார்.

"ஜப்பான்ல பாத்திருக்கேன்" என்றார் தலைவர் தாழ்ந்த குரலில். "திருக்கழுக்குன்றத்துல எதிர்பார்க்கல. எவ்வளவு தைரியம் வேணும் இதுக்கு. ஒரே ஒரு தீபம். கொஞ்சம் தண்ணி. மத்ததெல்லாம் எடுத்தாச்சு. எடுக்கத் தெரிஞ்சவங்கதான் டிசைனர்."

சங்கரி பன்னீர்செல்வத்தைப் பார்த்தாள். அவர் விளக்குத் திரியைத் தூண்டிவிடக் குனிந்திருந்தார். ஆமாம் சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் கடை பிழைத்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது.

"சார், இது நான் பண்ணது இல்ல. இங்க ஒரு அம்மா படுத்திருந்தாங்க. போன வாரம் தவறிட்டாங்க. அதான் எல்லாத்தயும் எடுத்துட்டாங்க. நான் பண்ணது எதுவும் இப்ப இங்க இல்ல."

தேவசகாயம் நெஞ்சில் கை வைத்தார்.

"ஃபீல் ஆகுது" என்றார்.

சங்கரிக்குப் புரியவில்லை என்று நினைத்து அவரே விளக்கினார். "ஒருத்தர் இல்லாதத ரூம் சொல்லுது பாருங்க. அதத்தான் சொல்றேன்."

"சார், கம்பி இருந்துச்சு. இங்க தொட்டுப் பாருங்க, துளைய பட்டி வெச்சு அடச்சிருக்காங்க."

அவர் தொட்டார். "டெக்ஸ்ச்சர்" என்றார்.

பன்னீர்செல்வம் நிமிர்ந்தார். "சார், நான் ஒண்ணு சொல்லட்டா? இந்தப் பொண்ணு வெச்ச கம்பியப் புடிச்சிகினுதான் எங்க வூட்ல கடைசி வரிக்கும் தானா பாத்ரூமு போச்சு. நான் தூக்கிப் போவ வேண்டி வர்ல. என்னாண்ட அது கெஞ்சி நிக்காம போச்சு சார். அத எழுதிக்கங்க."

தேவசகாயம் பெரியவரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். "அது சேவை. நல்ல விஷயம். எங்களுக்கு அழகியல் மட்டும்தான்." பிறகு வாசலைப் பார்த்து, "ஷபானா, ஏ பிளஸ் போடுங்க."

"சார், அவங்க பண்ணலங்கிறாங்களே."

"பண்ணாததுதாம்மா பண்ணது."

ஷபானா டேப்லட்டைப் பார்த்தாள், சங்கரியைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள். கடைசியில் விரலால் ஒரு தொடுதல். மதிப்பெண்ணை ஒருமுறை ஏற்றிவிட்டால் திருத்த முடியாது என்பது வாரியத்தின் பெருமைகளில் ஒன்று. சங்கரி கேட்டு நின்ற உரிமம் அந்தத் தொடுதலிலேயே அவளுடையதாகிவிட்டது.

கார் கிளம்பிய பிறகு அவள் கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பன்னீர்செல்வம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"கெடச்சிதா இல்லியாமா?"

"கெடச்சிது ஐயா."

"அப்பறம் இன்னாத்துக்கு அழுவற?"

"கம்பிக்குக் கெடைக்கும்னு நெனச்சேன்."

அவர் தலையாட்டினார். "அது கொல்லையில கீது. எடுத்துனு போ. வேற யாருனா படுத்துகினு இருப்பாங்க" என்றார். கம்பிகளை ஸ்கூட்டியின் பக்கவாட்டில் வைத்துக் கயிற்றால் அவரே கட்டிவிட்டார்.

உரிமம் தபாலில் வந்தது. சிறப்புத் துறை என்ற இடத்தில் 'வெறுமை' என்று அச்சிட்டிருந்தார்கள். அன்று தலைவர் போனில் எடுத்த அந்த அறையின் படம் வாரியத்தின் ஆண்டு மலருக்கு அட்டைப்படமானது. அதைப் பார்த்துவிட்டு ஓ.எம்.ஆரில் ஒரு தம்பதி, தங்களுக்கும் அதேபோல ஒன்று வேண்டும் என்று சங்கரியிடம் வந்தார்கள். அந்த அறையை முதலில் நேரில் பார்க்கவேண்டும் என்றார்கள்.

அங்கே இப்போது வாஷிங் மெஷின் இருக்கிறது.