முதுகு மட்டும் டாம்ராவுடையது

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் எந்தச் சபையின் சாப்பாட்டுக் கூடத்துக்குள் நான் நுழைந்தாலும் யாராவது கட்டிப்பிடித்து அழுவார்கள். இருபது வருடமாக, சபைகளில் போட்டுக் காட்டுகிற கிறிஸ்தவ விசுவாசப் படங்களில், புற்றுநோயில் சாகிற அம்மாவாகவும் குடிகாரக் கணவனுக்காக முழங்காலில் நிற்கிற மனைவியாகவும் நடித்தவள் நான். "சிஸ்டர் ரோண்டா, உங்க ஜெபத்தைப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரர் திருந்துனாரு" என்பார்கள். அது எழுதிக் கொடுத்த வசனம் என்றால் யார் கேட்கிறார்கள்? சீஸ் போட்டுச் சுட்ட கோழியை ஒரு தட்டு என் கையில் திணித்துவிட்டுப் போவார்கள். ஹாலிவுட்காரர்களுக்கு எங்களைக் கண்டால் சிரிப்பு. சிரிக்கட்டும். இந்தத் தொழிலைப் பற்றி எனக்கு ஒருநாளும் வெட்கம் வந்ததில்லை, ஒரே ஒரு விஷயத்தைத் தவிர.

ஐந்து படங்களில் எனக்குக் கணவனாக நடித்தவர் கேல்வின். சொந்த மனைவியைத் தவிர வேறு பெண்ணைத் தொட மாட்டேன் என்று கர்த்தரிடம் பொருத்தனை பண்ணியவர். அதனால் முத்தக் காட்சி வந்தால் என்னை நகரச் சொல்லிவிட்டு, அவர் மனைவி டாம்ராவுக்கு என் கவுனை மாட்டி, என் முடியைப் போல ஒரு விக்கும் வைத்து நிறுத்துவார்கள். கேமரா அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். படத்தில் முகம் என்னுடையது, முதுகு அவளுடையது. நானோ ஓரமாக நின்று ஐஸ் டீ குடித்துக்கொண்டு, டாம்ரா கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆறாவது படத்தின் கடைசிக் காட்சியன்று டாம்ரா மேக்கப் வேனுக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாள். காலை ஜெபம் முடிந்து எல்லோரும் காத்திருந்தோம். படத்தை எடுக்கிறவரும் அதற்குப் பணம் போடுகிறவருமான பிரதர் ஹார்லன் என்னிடம் ஓடிவந்தார்.

"சிஸ்டர், முத்தம் குடுக்க மாட்டேங்கறா. நீங்க சொன்னா கேப்பா. கூட்டிட்டு வாங்க, அடுத்த மூணு படமும் உங்களுக்குத்தான்."

ஐம்பத்து நாலு வயதுக்காரிக்கு இப்படி ஒரு வாய்ப்பை யார் தருவார்கள்? வாயெல்லாம் பல்லாகத்தான் போய்க் கதவைத் தட்டினேன்.

டாம்ரா என் நீலக் கவுனில், விக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அவரு எனக்குக் கடைசியா எப்ப முத்தம் குடுத்தாருன்னு தெரியுமா, ரோண்டா? போன படத்துல. அதுக்கு முன்னாடி, அதுக்கு முந்துன படத்துல."

"வீட்டுல?"

"வீட்டுல என் பக்கம் திரும்பிக்கூடப் படுக்கறதில்ல. இங்க குடுக்கறப்பவும் 'ஆனி'ன்னு உங்க கேரக்டர் பேரைத்தான் சொல்றாரு. உங்க துணிய மாட்டிக்கிட்டுத்தான் என் புருஷன்கிட்ட முத்தம் வாங்கணுமா நான்?"

ஐந்து படங்கள்! என் கவுனுக்குள் இவள் நின்றிருக்கிறாள், நான் ஐஸ் டீ குடித்திருக்கிறேன். இவளை இழுத்துக்கொண்டு போனால் எனக்கு மூன்று படம். த்தூ என்றிருந்தது.

"ஜிப்பைக் கழட்டி விடவா?" என்று கேட்டேன்.

அவள் எழுந்து திரும்பி நின்றாள்.

ஜீன்ஸும் பழைய சட்டையுமாக அவள் என்னோடு இறங்கி வந்ததைப் பார்த்து ஹார்லனுக்கு முகம் சிவந்தது.

"என்ன சிஸ்டர் இது? டிரெஸ் எங்க?"

"உள்ள கெடக்கு. முத்தம் வேணும்னா நீங்களே மாட்டிக்கிட்டு நில்லுங்க."

லைட் பிடிக்கிற பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். கேல்வினுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரில் வந்து, பேட்டி கொடுக்கிற குரலில் பேசினார்.

"டாம்ரா, எல்லாரும் பாக்கறாங்க. என் பொருத்தனை உனக்குத் தெரியும்ல? வேற எந்தப் பொண்ணையும் தொட மாட்டேன்னு..."

"தெரியும். அதை ஒழுங்காக் காப்பாத்துற. என்னையும் தொட மாட்டேன்னு எப்பப் பொருத்தனை பண்ணின?"

சாப்பாடு கொண்டுவந்திருந்த சபைப் பெண்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். கேல்வின் ஹார்லனைத் திரும்பிப் பார்த்தார். இதற்கு யாரும் வசனம் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. டாம்ரா காரை எடுத்துக்கொண்டு அட்லாண்டாவிலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

"மூணு படமும் போச்சு உங்களுக்கு" என்றார் ஹார்லன்.

"போகட்டும்" என்றேன்.

அந்தக் காட்சியில் நானும் கேல்வினும் மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து ஜெபம் பண்ணுவதாக மாற்றினார்கள். முத்தம்கூட இல்லாத சுத்தமான படம் என்று சபைகள் தூக்கிவைத்துக் கொண்டாடின. ஹார்லன் சொன்னதைச் செய்தார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. வேறு யாராவது கூப்பிட்டால் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்திருக்கிறேன். என் முகம் வேண்டுமென்றால் முதுகும் என்னுடையதாகத்தான் இருக்கும்.