பக்வீட் செடிக்குப் போட்ட பந்தல்

"அப்பா, வெயில் அடிச்சா செடி எங்க ஓடும்?"

பசுமைக்குடில் தோட்டக்காரரின் சின்ன மகள் ஒருநாள் சாப்பிட்டு முடித்ததும் இப்படிக் கேட்டாள். கேட்டவள் கையைக் கழுவிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். கேட்கப்பட்டவருக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அவர் வேலை பார்த்த ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு மாணவி பக்வீட் வளர்த்துக்கொண்டிருந்தாள். பெயரில் வீட் இருக்கிறதே தவிர, கோதுமைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இதய வடிவ இலை, பொடி வெள்ளைப் பூ, முக்கோண விதை. பார்த்தால் எடுத்துக் கொஞ்சத் தோன்றும். அதில் ஒரு வரிசையை மட்டும் புற ஊதா விளக்குக்குக் கீழே நிறுத்திப் பகலெல்லாம் வாட்டினாள். பக்கத்து வரிசை மாப்பிள்ளை மாதிரி சுகமாக நின்றது.

தோட்டக்காரருக்கு மனசு கேட்கவில்லை. காலையில் விளக்கைப் போட்டுவிட்டு மாணவி ஆய்வகத்துக்குப் போனதும், வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய படுக்கை விரிப்பை விளக்குக்கும் செடிக்கும் நடுவே இழுத்துக் கட்டுவார். மாலையில் அவள் திரும்புவதற்குள் அவிழ்த்து மடித்து வைத்துவிடுவார்.

விஷயம் வீட்டுக்கும் எட்டியது. "எனக்கு ஒரு நல்ல விரிப்பு வாங்கித் தரத் துப்பில்ல. செடிக்குப் பந்தல் போடுறாராம், பந்தல்" என்றாள் மனைவி.

"வாயில்லாத ஜீவன்டி."

"எனக்கு வாய் இருக்கறதுதான் தப்பாப் போச்சு."

இலைகளைப் பறித்துச் சோதித்த அன்று, மாணவி பூத்தொட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு வரிசையும் ஒண்ணாவே இருக்குண்ணே. விளக்கே படாத மாதிரி. இது நடக்கவே முடியாது."

தோட்டக்காரர் தலையைச் சொறிந்தார். பிறகு உள்ளே போய் விரிப்பை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். "நடந்துருச்சும்மா. பாவமேன்னு நான்தான் மறைச்சேன்."

அவள் விரிப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தன.

"அண்ணே, செடியால நிழலுக்கு ஓட முடியாதுல்ல? அதான் வெளிச்சம் உறைச்சா, ஃபிளேவனாய்டுன்னு ஒரு பொருள அதுவே செஞ்சு இலையோட மேல்தோல்ல வச்சுக்கும். இந்தச் செடியில ரூட்டின்னு ஒரு வகை நிறைய இருக்கு. அதுதான் அதோட குடை. நீங்க குடை புடிச்சா அது எதுக்கு மெனக்கெடும்?"

"புரியுதும்மா. என் மச்சான் மாதிரி. தட்டுல சோறு விழுந்துக்கிட்டே இருந்தா வேலைக்குப் போக மாட்டான்."

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் வந்தார். அவருக்கு நிலையத்தில் 'இடி' என்று பெயர். இன்னொரு தவறு நடந்தால் தோட்டக்காரரை அனுப்பிவிடுவதாக அவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார் இடி.

"விளக்கை நான்தான் சரியாக் கவனிக்கல சார்" என்றாள் மாணவி. விரிப்பைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

இடி முழங்கியது. இன்னும் ஒரே ஒரு விளைச்சல்தான். அதுவும் கெட்டால் உதவித்தொகை நின்றுவிடும், மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போகலாம் என்றார். தோட்டக்காரர் வாயைத் திறக்கப் போனார். அவள் கண்ணாலேயே அடக்கினாள். இப்படிப்பட்ட பொய்யைக் கடவுள் எந்தக் கணக்கில் எழுதுவார் என்று அவருக்குத் தெரியவில்லை. நல்ல கணக்கிலேயே எழுதட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மறுபடி விதைத்தார்கள். செடிகள் வளர வளரத் தோட்டக்காரரின் கை பரபரத்தது. "சாமி, என் இரக்கத்தக் கொஞ்சம் புடிச்சு வை" என்று தினமும் கும்பிட்டுவிட்டே குடிலுக்குள் நுழைந்தார். விளக்கு வரிசையில் தண்டுகள் சிவந்தன, இலைகள் தடித்தன. அன்பு காட்டாமல் இருப்பதற்கு இவ்வளவு அன்பு வேண்டுமா என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

இலை பறிப்பதற்கு முந்தைய விடுமுறை நாளில் மாணவி காய்ச்சலில் படுத்துவிட்டாள். காலையில் தோட்டக்காரரின் வீட்டு மின்விசிறி சட்டென்று நின்றது. மற்றவர்கள் விசிறியைத் திட்டினார்கள். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

குடில் இருண்டு கிடந்தது. நிலையத்தில் ஈ காக்கை இல்லை. கிடங்கிலிருந்து ஜெனரேட்டரை மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தார். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழன்றுவிடும் போலானபோது அது இருமிக்கொண்டு உயிர் பெற்றது. விளக்குகள் எரிந்தன. அது நின்றுவிடாமல் டீசல் ஊற்றிக்கொண்டு, புகையிலும் இரைச்சலிலும் பகல் முழுவதும் அங்கேயே இருந்தார், செடிகளுக்கு முதுகைக் காட்டியபடி. பார்த்தால் பாவமாகிவிடுமே. மாலையில் மின்சாரம் வந்ததும் ஜெனரேட்டரைத் துடைத்துப் பழையபடி கிடங்கிலேயே கொண்டுபோய் வைத்தார்.

சோதனையில் விளக்கு வரிசை பக்கத்து வரிசையை எங்கோ விட்டுவிட்டுப் போயிருந்தது. இடி தாளைப் பார்த்து "ம்" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

"நான் வராத அன்னிக்குக்கூடக் கரண்ட் கைவிடல பாருங்கண்ணே" என்றாள் மாணவி.

"ஆமாம்மா" என்றார் தோட்டக்காரர், தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "அதுக்கும் ஒரு மனசு இருக்கும்போல."