மஞ்சள் செர்ரிக் கிளை

மாமனார் கையில் ரம்பம். எதிரே இரண்டு செர்ரி மரங்கள், வெள்ளை வெளேரென்று பூத்து நின்றன.

"அஞ்சு வருஷமா இதே கூத்துதான், மாப்பிள்ளை. பூ மட்டும் கொட்டுது. காய்னு ஒண்ணு கண்ணுல பட்டிருக்கா? அந்தத் திராட்சைக்கொடி ஒத்தையா நிக்குது, கொத்துக்கொத்தா தொங்கலையா? பீச்சும் ஒத்தை மரம்தான், காய்க்கலையா? இதுங்க ரெண்டு நின்னு என்ன பிரயோஜனம்?"

மாப்பிள்ளை நாற்றுப்பண்ணையில் ஒட்டுக்கட்டுகிறவன். இதற்கான விளக்கத்தைக் கன்று வாங்க வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி அவனுக்கு வாய் தேய்ந்துவிட்டது. மாமனாரிடமும் அதையே சொன்னான். அந்தத் திராட்சைக்கும் பீச்சுக்கும் தன் மகரந்தமே போதும். இந்தச் செர்ரிக்கு வேறு வகைச் செர்ரியின் மகரந்தம் வேண்டும்.

"அதான் பக்கத்துலயே இன்னொண்ணு நிக்குதே!"

"ரெண்டும் ஒரே தாய்மரத்து ஒட்டு, மாமா. பார்க்கத்தான் ரெண்டு."

"தெரிஞ்சேவா நட்டீங்க?"

தெரிந்தேதான். கருஞ்சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று அவன் எடுத்துவைத்திருந்தான். மஞ்சள் பழுக்காத பழம் மாதிரி இருக்கிறது என்று மனைவி தள்ளிவிட்டாள். "எல்லாத்துக்கும் ஒரு பாடம் எடுப்பியே நீ" என்று சொல்லிவிட்டு, கருஞ்சிவப்பிலேயே இரண்டை வாங்கித் தானே குழி தோண்டி நட்டாள். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. இனிமேல் யாரோடு சண்டை பிடிப்பது?

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். உங்க பொண்ணு கேட்டாளா?"

மாமனார் ரம்பத்தைக் கை மாற்றினார்.

"பூ உதிர்ந்ததும் பிஞ்சு இருக்கணும். இல்லைன்னா வெட்டிடுவேன். காலையில சன்னலைத் திறந்தா இதுங்க மூஞ்சியில முழிக்க என்னால முடியலை."

அன்றே அவன் பண்ணையிலிருந்து பூத்த மஞ்சள் செர்ரிக் கிளைகளை வெட்டிவந்தான். வாளித் தண்ணீரில் நிறுத்தி, மரத்துக்கு ஒரு வாளியாகக் கிளையில் கட்டித் தொங்கவிட்டான். மிச்சத்தைத் தேனீ பார்த்துக்கொள்ளும்.

தேனீ வரவில்லை. மழை வந்தது. மூன்று நாளும் வேண்டுமென்றே செய்வதுபோல விட்டுவிட்டுப் பெய்தது. அவன் வாசலில் நின்று வானத்தைத் திட்டினான். பிறகு மறைந்தவளையும் திட்டினான்.

நான்காம் நாள் வெயில் வந்தது. அவன் வேலை முடிந்து வரும்போது ஒரு மரத்தில் ஏணி சாய்ந்திருந்தது. அதன் மேல்படியில் மாமனார். ஷேவிங் பிரஷ்ஷை மஞ்சள் கிளைப் பூவில் தேய்ப்பதும் மரத்துப் பூவில் ஒற்றுவதுமாக இருந்தார். தலையெல்லாம் இதழ்.

"தேனீக்குச் சோம்பல். அவளுக்குப் பிடிவாதம். உங்களுக்கு அவகிட்ட வாயே கிடையாது. எல்லாத்துக்கும் நான்தான் கிடைச்சேனா?"

அவன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

"இதைப் பிடிச்சுக்கிட்டு நின்னா அந்த மரத்தை யாரு பார்க்கிறது? போய் உங்க பிரஷ்ஷை எடுத்துட்டு வாங்க, மாப்பிள்ளை!"