நாகையா எடுத்துக்கொடுத்த பிறப்புப் பத்திரம்

காப்பார் பக்கத்துத் தோட்டப்புறத் தொகுதி ஒன்றில் மூன்று தவணை சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் நாகையா. கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டு கூடாது, ஆலய நிர்வாகத்தில் பெண்கள் வேண்டாம், தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்குத் தன் சேவை மையத்தில் பரிந்துரைக் கடிதம் கிடையாது என்று மேடையிலேயே சொல்வார். அதற்காகவே அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் உண்டு. போன தேர்தலில் கட்சி அவரை நிறுத்தவில்லை. "ஆள் கெட்டுப்போயிட்டாரு" என்று கட்சிக்காரர் ஒருவர் சொன்னது, பிரிக்ஃபீல்ட்ஸில் பத்திரிகை வேலை பார்க்கும் வசுந்தராவின் மண்டையைக் குடைந்தது. ஒரு ஞாயிறு காலை அவரையே கேட்கப் போய்விட்டாள்.

நாகையா எதையும் மறைக்கவில்லை.

மீன் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாமரை என்ற பெண், மூன்று வருடங்களுக்கு முன் அவரிடம் வந்திருக்கிறாள். மகளுக்கு அப்போது எட்டு வயது. வீட்டிலேயே பிறந்த பிள்ளை, பிறப்பைப் பதியவில்லை. தாலி கட்டாத தகப்பன் எப்போதோ போய்விட்டான். பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேர்க்க முடியவில்லை. அப்பனைக் கூட்டிக்கொண்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று நாகையா அனுப்பிவிட்டார். அவள் திங்கள்தோறும் பிள்ளையோடு வந்து சேவை மைய வாசல் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆறாவது திங்கள், விரட்டிவிடலாம் என்று வெளியே வந்தார். அந்தப் பிள்ளை பக்கத்திலிருந்த கிழவருக்கு மலாய்ப் படிவத்தை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கே போகாத பிள்ளைக்கு எப்படி வாசிக்க வருகிறது என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளி விட்டு வந்ததும் கூட உட்கார்ந்து கற்றுக்கொள்வதாகத் தாமரை சொன்னாள்.

அன்றே இருவரையும் காரில் ஏற்றிக்கொண்டு கிள்ளான் பதிவு அலுவலகத்துக்குப் போனார். பிரசவம் பார்த்தவரின் சாட்சி வேண்டும் என்றார்கள். பார்த்த இராஜம்மா அம்பாங்குக்குக் குடிபோயிருந்தார். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. நாகையா இரண்டு முறை போய்த் தேடினார்.

அதற்குள் அலுவலக வாசலில் மூவரும் நிற்கும் படம் வாட்ஸாப்பில் சுற்றியது. பிள்ளை அவருடையது என்றே எழுதிவிட்டார்கள். அவர் மனைவி சீதாலெட்சுமி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் முறை அம்பாங் கிளம்பியபோது, தானும் வந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அந்த முறைதான் இராஜம்மா கிடைத்தார்.

கட்சித் தலைமை கூப்பிட்டது. அந்தப் பெண் கல்யாணம் ஆகாதவள் என்று தெரியாமல் உதவிவிட்டேன் என ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், சீட் உறுதி என்றார்கள்.

"தெரிஞ்சுதானே செஞ்சேன். எப்படி எழுதுறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாராம்.

பத்திரம் வர ஒன்றரை வருடம் ஆனது. பிள்ளை இப்போது பள்ளியில் நான்காம் ஆண்டில் படிக்கிறாள்.

வசுந்தரா கடைசியாக ஒன்று கேட்டாள். "அப்படின்னா உங்க கொள்கை மாறிடுச்சா, அங்கிள்?"



"மாறலம்மா. தாலி கட்டாம வாழுறது தப்புன்னு இன்னைக்கும் சொல்லுவேன். ஆனா அந்த பெஞ்சுல அதுக்கு முன்னாடி எத்தன பிள்ளைங்க இப்படிப் பத்திரம் இல்லாம உக்காந்துட்டுப் போச்சோ, தெரியல. ஒருத்தர் பேரும் எழுதி வைக்கல. இப்போ ஒவ்வொரு வீடா போய்க் கேட்டுக்கிட்டிருக்கேன்."

இதுவரை நான்கு பிள்ளைகளைக் கண்டுபிடித்திருந்தார். ஐந்தாவது பிள்ளை பக்கத்து ஊரான மேருவில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். தானும் வரலாமா என்று வசுந்தரா கேட்டாள்.