பழசைக் காணோம்

ஊரில் பாதிக் கடைகளின் வாசலில் தொங்கும் எழுத்துகள் கட்டர் அறுத்துக் கொடுத்தவை. அக்ரிலிக் பலகையை இயந்திரத்தில் படுக்கவைத்து எழுத்தெழுத்தாக வெட்டியெடுப்பது அவர் தொழில். தொழிலே பெயராக ஒட்டிக்கொண்டதில், கூடப்பிறந்த தங்கை, அவளைக் கட்டியவன் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் கட்டர்தான். வேலை சுத்தம், பேச்சு குறைவு. கோபம் மட்டும் எப்போதும் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும்.

பட்டறையில் இருந்தது ஒரே கம்ப்யூட்டர். அதற்குள் இரண்டு குடித்தனம், அதாவது இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். சுவிட்சைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். மேலே இருப்பது புதுசு, கீழே இருப்பது பழசு. எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அது திறக்கும். புதுசு மாப்பிள்ளையுடையது. மூன்று வருடத்துக்கு முன் தங்கையைக் கல்யாணம் செய்துகொண்டு, பட்டறைக்கும் வந்து சேர்ந்தவன். வடிவமைப்பெல்லாம் அவன் அந்தப் பக்கம்தான் செய்வான். பழசு கட்டருடையது. வெட்டும் இயந்திரத்துக்குப் பழசு சொன்னால் மட்டுமே காது கேட்கும். பன்னிரண்டு வருடமாக அவர் உட்கார்ந்து வரைந்த எழுத்துருக்கள் முழுக்க அதற்குள் இருந்தன. "ஒரு காப்பி எடுத்து வைண்ணே" என்று தங்கை சொல்லும்போதெல்லாம், "என் பொருள் எங்க போயிடப்போகுது" என்பார்.

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளை கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனான். "மச்சான், நாளைக்கு லீவுதானே, வந்து என் பக்கத்த மட்டும் அப்கிரேட் பண்ணிடறேன். உங்க பக்கம் கை வைக்க மாட்டேன்."

கட்டர் "ம்" என்றார். அன்று அவர் மனசு சரியில்லை. காலையில் வந்த ஒரு வாடிக்கையாளர், வாசலில் நின்றபடியே அவர் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "சார் இல்லையா?" என்று கேட்டிருந்தார். இப்போதெல்லாம் வருகிறவர்கள் கேட்கிற சார் மாப்பிள்ளைதான்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கட்டர் சுவிட்சைப் போட்டார். இரண்டு வரிகள் வரவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் புதுசு நேராக வந்து நின்றது, ஊதா நிறத்தில் ஏதோ மலைப்படத்தோடு. அணைத்துப் போட்டார். மறுபடி மலை. நான்காவது தடவையும் மலைதான். பல் டாக்டர் ஒருவரின் புது ஆஸ்பத்திரிக்கு மத்தியானத்துக்குள் பலகை போயாக வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் பல் டாக்டர் அவர் நினைவிலேயே இல்லை. பன்னிரண்டு வருடம் என்ற ஒன்றுதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு மாப்பிள்ளை ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி வந்தான். "எப்படி மச்சான், பளிச்சுன்னு இருக்குல்ல?"

"என் பழசு எங்க?"

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். "லிஸ்ட் வரலையா? சில சமயம் அப்படி ஆகும். உள்ளதான் இருக்கும். அஞ்சு நிமிஷம் குடுங்க, நான்…"

"அஞ்சு நிமிஷமா? பன்னெண்டு வருஷம்டா!"

மூன்று வருடமாக "வாங்க மாப்பிள்ளை" என்று மட்டுமே சொல்லிப் பழகிய வாய் அன்றுதான் முதல்முறையாக 'டா' போட்டது. அவனுக்கும் சுருக்கென்றது. "மரியாதையா பேசுங்க. காப்பி எடுத்து வைங்கன்னு அவ தலையால அடிச்சுக்கிட்டா. கேட்டீங்களா?" சொல்லிவிட்டு அவன் லேசாகச் சிரித்தான். அது பயத்தில் வந்த சிரிப்பு. கட்டரின் கண்ணுக்கு அது வெறும் சிரிப்பாகத்தான் தெரிந்தது.

அறை விழுந்தது. ஹெல்மெட் உருண்டு இயந்திரத்துக்கு அடியில் போனது. மாப்பிள்ளை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள், கட்டர் மேசையிலிருந்த மூன்றடி ஸ்டீல் ஸ்கேலை எடுத்துவிட்டார். பலகை அளக்கும் ஸ்கேல். கனமானது, விளிம்பு கூர். தலையைக் குறிவைத்து வீசினார். அவன் வலது கையைக் குறுக்கே நீட்டினான். மணிக்கட்டில் விழுந்த சத்தம் பட்டறை முழுக்கக் கேட்டது. "மச்சான்! உள்ளதான் இருக்கு மச்சான்!" என்று கத்தினான். அடுத்த அடி தோளில் விழுந்தது.

அவனும் சும்மா இருக்கவில்லை. கட்டரின் முழங்காலில் ஓங்கி ஓர் உதை விட்டான். இருவரும் ஒருவர்மேல் ஒருவராகச் சுவரோரம் அடுக்கியிருந்த அக்ரிலிக் பலகைகள்மேல் சரிந்தார்கள். பலகைகள் பட்பட்டென்று உடைந்தன. ஒரு சில்லு கட்டரின் முன்கையை நீளமாகக் கிழித்தது. மாப்பிள்ளை இடது கையால் அவர் தொண்டையைப் பிடித்து நெரித்தான். கட்டர் தன் நெற்றியால் அவன் மூக்கில் மோதினார். பிடி விட்டது. அவன் வாயெல்லாம் ரத்தம். அதோடு நிறுத்தியிருக்கலாம். அவன் எழுந்திருக்கக்கூட முயலவில்லை. வலது கை மட்டும் தரையில் விரிந்து கிடந்தது.

"இந்தக் கையாலதானடா அழிச்ச?"

செருப்புக் காலோடு அந்தக் கையின்மேல் ஏறி மிதித்தார். ஒரு முறை. அப்புறம் குதிகாலை ஊன்றி இன்னொரு முறை. உள்ளே ஏதோ நொறுங்கியது அவர் காலுக்குத் தெரிந்தது. மாப்பிள்ளையிடமிருந்து வந்த சத்தம் மனிதச் சத்தமாகவே இல்லை. மூன்றாவது முறைக்குக் காலைத் தூக்கும்போது அவர் பின்மண்டையில் இடி இறங்கியது.

தங்கை பலகை மாட்டும் இடத்துக்கு அளவெடுக்கப் போயிருந்தவள், அப்போதுதான் திரும்பியிருந்தாள். அளவு நாடாவைக் கீழே போட்டுவிட்டு மர ஸ்டூலைத் தூக்கி அடித்திருந்தாள். முதல் அடியில் கட்டர் தடுமாறித் திரும்பினார். இரண்டாவது அடி புருவத்தைப் பிளந்தது. ஒரு கண்ணுக்குமேல் ரத்தம் வழிய, அவர் மேசைக் காலைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டார். அவள் ஸ்டூலை இறக்கவில்லை.

"இன்னொரு அடி வெச்ச, உன்ன கொன்னுடுவேன்ணே." கத்தாமல்தான் சொன்னாள்.

பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். அவள் நடுவில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில், நடுவில் ஒரு பச்சைத் திரை. நர்ஸ் புருவத்தைத் தைத்துக்கொண்டே எப்படி ஆச்சு என்று கேட்டாள். "பலகை விழுந்துடுச்சு" என்றார் கட்டர். திரைக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் அதையே சொல்லியிருக்க வேண்டும். "ரெண்டு பேர் மேலயும் ஒரே பலகையா? பலகைக்கு எத்தன தையலாம்?" என்றாள் நர்ஸ்.

எக்ஸ்ரேக்காகக் காத்திருந்தபோது திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை தங்கையிடம் பேசும் குரல் கேட்டது. மூக்கில் பஞ்சு அடைத்த குரல். "எழுதிக்கோ. புது வெர்ஷன் பக்கத்துல இன்னொண்ணு இருக்கான்னு தானா தேடாது. தேடுன்னு நாமதான் சொல்லணும். ஒரே ஒரு வரி." அப்புறம் வலியை விழுங்கி விழுங்கி, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான். பேனா உரசும் சத்தத்தைக் கட்டர் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

தங்கை பட்டறைக்குப் போய் முக்கால் மணி நேரத்தில் திரும்பினாள். முதலில் புருஷனிடம் போனாள். அவன் கையில் எலும்பு நான்கு இடத்தில் உடைந்திருப்பதாக டாக்டர் அதற்குள் சொல்லியிருந்தார். அப்புறம் திரையை விலக்கி அண்ணன் முகத்துக்கு நேரே போனை நீட்டினாள். படத்தில் கறுப்புத் திரை, இரண்டு வரிகள்.

"உள்ள போயும் பாத்துட்டேன். நீ வரைஞ்சது ஒண்ணு விடாம அப்படியே இருக்கு. அவர் கைதான் போச்சு."

கட்டர் வாயைத் திறந்தார். அவள் திரையை இழுத்து மூடிவிட்டாள்.

அன்று சாயங்காலமே அவள் புகார் எழுதிக் கொடுத்தாள். ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் கட்டரை நிற்கவைத்துக் கேட்டார்.

"எதுக்குய்யா அடிச்ச?"

"கம்ப்யூட்டர்ல என்னோடது காணாமப் போச்சு சார்."

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"எவ்வளவு நேரத்துல?"

கட்டர் தரையைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம்தான் ஆகும்னு சொன்னாப்ல." இன்ஸ்பெக்டர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

ஜாமீனில் வெளியே வந்தார். வழக்கு நடக்கிறது. மாப்பிள்ளைக்கு இரண்டு ஆபரேஷன் ஆகியும் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. தங்கை அவனை அழைத்துக்கொண்டு வேறு பேட்டைக்குக் குடிபோய்விட்டாள். பட்டறையில் கட்டர் தனியாக வெட்டினார். இயந்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வரைந்து கொடுக்க ஆள் இல்லாததால் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன.

ஐந்து மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு மத்தியான வேளையில் அவர்கள் வீட்டைத் தேடிப் போனார். இரண்டாவது மாடி. வெயிலில் படியேறி வியர்த்துப்போய் மணியை அழுத்தினார். தங்கை திறப்பாள், திட்டுவாள், வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் மனசைத் தயார்படுத்தியிருந்தார். கதவைத் திறந்தது மாப்பிள்ளை.

கன்னம் வற்றி, தாடி வளர்ந்திருந்தது. "அவ வேலைக்குப் போயிருக்கா மச்சான்" என்றான். இன்னமும் மச்சான் என்றே சொன்னான். அது கட்டரை என்னவோ செய்தது. சொல்ல வந்ததைச் சொல்ல வாயெடுத்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, துடைக்கக் கையைத் தூக்கினார்.

மாப்பிள்ளை விருட்டென்று பின்வாங்கினான். இரண்டு கைகளும் தலையை மூடிக்கொண்டன. முதுகு சுவரில் போய் மோதியது. கண்களை இறுக்கி மூடியிருந்தான்.

கட்டர் தூக்கிய கையை இறக்கவும் தெரியாமல், அப்படியே வைத்திருக்கவும் தெரியாமல் நின்றார். பிறகு மெதுவாக, அவன் கண்ணைத் திறந்து பார்க்கும்படி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார். வியர்வை கண்ணுக்குள் எரிந்தது.

"போயிட்டு வரேன் மாப்பிள்ளை" என்றார்.

கைகளைப் பின்னால் கட்டியபடியே படியிறங்கினார். கடைசிப் படிக்கு வந்த பிறகுதான் மேலே தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.