அண்ணியின் வெறும் வயிறு

அந்த பேக்கரியில் எல்லாருக்கும் அவள் அண்ணிதான். கணவனின் தங்கை அங்கேயே பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தாள். அவள் நாள் முழுக்க அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டதில் மாவு பிசைகிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர், கடைசியில் முதலாளி வரைக்கும் அது ஒட்டிக்கொண்டது. அவளைவிட வயதில் மூத்த அடுப்பு மாஸ்டர்கூடக் கூசாமல் அண்ணி என்பார்.

அண்ணியின் இடம் க்ரீம் மேசை. ஒவ்வொரு கலவையையும் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்க்காமல் வெளியே விடமாட்டாள். அந்தப் பொறுப்பை இன்னொருவர் நாக்கை நம்பி ஒப்படைத்ததே இல்லை. நாத்தனார் ஒருமுறை ஆசையாகக் கேட்டதற்கு, "நீ வைக்கிற குழம்பைத்தான் உங்க அண்ணன் தினமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாரே" என்று வாயை அடைத்துவிட்டாள்.

அப்படிப்பட்டவளை ஒரு சோர்வு பிடித்துக்கொண்டது. அடுப்புக்குப் பக்கத்திலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாள். முகம் ஊதியது, குரல் கரகரத்தது, சீப்பில் முடி கொத்தாக வந்தது. மாவு மூட்டையில் சாய்ந்தால் அப்படியே கண் சொருகியது. டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துப் பார்த்து, "தைராய்டு சுரப்பி மந்தமா வேலை செய்யுது. அது கொடுக்க வேண்டியதை மாத்திரையா தினமும் வெறும் வயித்துல போட்டுக்குங்க, சரியாயிடும்" என்றார்.

அண்ணி ஒரு நாளும் தவறவிடவில்லை. விடியுமுன் எழுந்து, தண்ணீரோடு மாத்திரையை விழுங்கி, வீட்டில் இருப்பவர்களுக்காகவும் பேக்கரியில் இருப்பவர்களுக்காகவும் கடவுளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புவாள். பேக்கரி அடுத்த தெருதான். ஆனால் ஒவ்வொரு சோதனையிலும் ரத்தம் பழைய கதையையே சொன்னது. டாக்டரம்மா மாத்திரையின் அளவைக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். சோர்வு நகர்வதாக இல்லை.

ஒரு காலை மறதியில் ஒரே பாத்திரத்தில் இரண்டு தரம் சர்க்கரையைக் கொட்டிவிட்டாள். முழுக் கலவையும் வீணாயிற்று. முதலாளி தானே அந்தப் பாத்திரத்தை எடுத்துப்போய்க் கொட்டிவிட்டு வந்தார். அதுதான் அவளை உறுத்தியது.

"இந்தத் தடவை ரிசல்ட்டும் சரியில்லன்னா நான் வேலைய விட்டு நின்னுக்கறேன்" என்றாள் நாத்தனாரிடம். "என்னால மத்தவங்க பொழப்பு கெடக் கூடாது."

"நின்னுட்டு என்ன பண்ணுவீங்க? எங்க அண்ணன் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? அதுக்கு இந்த மாவு மூட்டையே தேவலை அண்ணி."

அண்ணி சிரித்தாள். கண் மட்டும் க்ரீம் மேசையை விட்டு அகலவில்லை. அந்த மேசையை விட்டுவிட்டால் காலையில் எதற்காக எழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த சோதனைக்கு ரத்தம் கொடுக்க அண்ணி வேலைக்கு நடுவே லேபுக்குப் போனாள். நாத்தனாரும் துணைக்கு வந்தாள். இம்முறை சர்க்கரையும் சேர்த்துப் பார்ப்பதால் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள்.

"வெறும் வயிறுதானேம்மா?" என்று கேட்டாள் ஊசியைக் கையில் எடுத்த பெண்.

"ஆமாம்மா. தண்ணியத் தவிர ஒண்ணும் உள்ள போகல."

அந்தப் பெண் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்ப உதட்டோரத்துல வெள்ளையா என்ன?"

அண்ணி புறங்கையால் துடைத்துப் பார்த்தாள். "இதுவா? க்ரீம். இது சாப்பிட்டதில்லம்மா, ருசி பார்த்தது."

நாத்தனார் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஊசி திரும்பத் தட்டுக்குப் போயிற்று.

"தினமும் இப்படித்தானா? மாத்திரை போட்ட உடனேயா?"

"உடனே இல்ல. ஏப்ரன் கட்டிக்கிட்டு, கையெல்லாம் கழுவிட்டு, அப்புறம்தான்."

அண்ணி பொய் சொல்லவில்லை. தட்டு வைத்து உட்கார்ந்தால்தான் அவளுக்குச் சாப்பாடு. ருசி பார்ப்பது, கை கழுவுவதைப் போல வேலையில் ஒரு பாகம்.

விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "என்ன வேலை பார்க்கறீங்கன்னு நான் முதல்லயே கேட்டிருக்கணும், தப்பு என் மேலதான்" என்றார். "பால், வெண்ணெய் எல்லாம் மாத்திரைய உடம்புல சரியாச் சேர விடாது. போட்டு ஒரு மணி நேரத்துக்கு நாக்குல தண்ணியத் தவிர எதுவும் படக் கூடாது. முதல்ல கொடுத்த அளவுக்கே வந்துடுவோம்."

"அந்த ஒரு மணி நேரத்துலதான் டாக்டர் பாதி க்ரீம் தயாராகும். இன்னும் சீக்கிரமா எழுந்திரிக்கறதுன்னா நான் படுக்காமலே இருக்கணும்."

"உங்களுக்குப் பதிலா வேற யாராவது ருசி பார்க்கட்டுமே."

மாத்திரைகூட அண்ணிக்கு இவ்வளவு கசந்ததில்லை.

மறுநாள் கரண்டியை மாஸ்டரிடம் நீட்டினாள். அவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "எனக்கு சுகர் அண்ணி. நான் இதைப் பார்த்தா, அப்புறம் என்னை யாரு பார்க்கறது?"

வேறு வழியில்லாமல் நாத்தனாரைக் கூப்பிட்டாள். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணை மூடி, பரீட்சை எழுதுகிறவளைப் போல நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"இனிப்பு ஒரு இழை தூக்கல். நீங்க இப்படி விடமாட்டீங்க."

அண்ணி திகைத்துப்போனாள். "உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷமா உங்க பாத்திரத்தை எல்லாம் கழுவறதுக்கு முன்னாடி வழிச்சு நக்கினது யாருன்னு நினைச்சீங்க? உங்க ருசி எனக்கு மனப்பாடம் அண்ணி."

அண்ணி இன்னும் கொஞ்சம் வெண்ணெய் சேர்த்து அடித்தாள். நாத்தனார் மறுபடி பார்த்துத் தலையாட்டினாள். அன்று க்ரீம் பன் வழக்கம்போல விற்றுத் தீர்ந்தது. உதவி செய்ய வருகிறவர்களைக் கடவுள் தூரத்தில் வைப்பதில்லை. நாம்தான் கையை நீட்டுவதற்கு யோசிக்கிறோம்.

சில வாரங்கள் கழித்து வந்த ரிசல்ட் சரியான எல்லைக்குள் இருந்தது. அதற்கு முன்பே உடம்பு அவளிடம் சொல்லிவிட்டது. ஸ்வெட்டர் அலமாரிக்குப் போயிற்று, குரல் தெளிந்தது, மாவு மூட்டைகள் மாவுக்கு மட்டுமே பயன்பட்டன. வேலையை விடும் பேச்சை அண்ணி பிறகு எடுக்கவில்லை. மாத்திரை ஆயுசு முழுக்க வேண்டும் என்றார்கள். பல் விளக்குவதும் ஆயுசு முழுக்கத்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு நாள் நாத்தனார் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். "ஒரு மணி நேரம் ஆயிடுச்சு அண்ணி. இனிமே நீங்களே பார்க்கலாம்."

அண்ணி அடுத்த கலவைக்கு வெண்ணெயை அளந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அப்ப அனுப்பிடு."